திருச்சியில் ஜெயித்தது தீப்பெட்டி

"மதிமுக எப்போதுமே திமுகவின் உதயசூரியன் சின்னத்தில்தான் நிற்கும், துரை வைகோவும் அப்படித்தான் எம்.பி. ஆனார்" என்று சிலர் எழுதுவது தவறு. 2019-இல் ஈரோட்டிலும், 2021 சட்டமன்றத் தேர்தலின் 6 தொகுதிகளிலும் உதயசூரியன்தான், சரி. 2024-இல் திருச்சியில் துரை வைகோ வென்றது தீப்பெட்டிச் சின்னத்தில். வித்தியாசம் 3 லட்சம் வாக்குகளுக்கு மேல்.

ஒரே தொகுதியில் போட்டி என்பதால் மதிமுகவின் பழைய சின்னமான பம்பரம் கிடைக்கவில்லை. அப்போதும் உதயசூரியனில் நிற்கமாட்டேன் என்று துரை வைகோ உறுதியாக இருந்தார். இது வெறும் பிடிவாதம் இல்லை. கூட்டணித் தலைமையின் சின்னத்தில் ஜெயித்தவர் சபைக் கணக்கில் அந்தக் கட்சி உறுப்பினர்தான். சிறிய கட்சிக்கு அது உயிர்ப் பிரச்சினை. துரை வைகோவுக்கும் அப்போது மதிமுக துணைப் பொதுச்செயலாளராக இருந்த மல்லை சத்யாவுக்கும் 2025-இல் வெடித்த மோதலைப் பேசும்போது, தயவுசெய்து இதையும் சரியாகச் சொல்லுங்கள்.