"முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள்" என்ற மேதைகளுக்கு

நேற்றிலிருந்து எல்லோர் சுவரிலும் சுற்றும் அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு வழிகாட்டியாம். 1982-இல் வந்த 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்'டில் ஆரம்பிக்க வேண்டுமாம். முதல் இரண்டு ஆல்பங்களுக்கு நேராக 'ஸ்கிப்'. காரணம் ஒரே வரி: "அப்போது சரியான பாடகர் இல்லை." கீழே வரிசையாக ஹார்ட்டின் வேறு.

சரி. பாடகர் சரியில்லாமல்தான் முதல் ஆல்பம் 1980 ஏப்ரலில் பிரிட்டன் தரவரிசையில் 4-ஆம் இடத்துக்குப் போனது போலிருக்கிறது.

அந்த 1982 ஆல்பத்தில் பாட வந்த புரூஸ் டிக்கின்சன் பெரிய பாடகர். யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவர் வந்து சேர்வதற்கு ஒரு பேண்ட் இருந்தது. அதைக் கொண்டுவந்து நிறுத்தியதில் முதல் இரண்டு ஆல்பத்திலும் பாடிய பால் டயானோவின் தொண்டைக்கும் பங்குண்டு. நான் சொல்வது இவ்வளவுதான்.

1975 கிறிஸ்துமஸ் சமயம் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் ஆரம்பித்த பேண்ட் இது. பப் பப்பாக வாசித்தார்கள், பாடகர்கள் மாறினார்கள். டயானோ வந்தது 1978-இல். அந்த வருடக் கடைசி இரண்டு நாளில் கேம்பிரிட்ஜில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு பாட்டு பதிவு செய்தார்கள். மாஸ்டர் டேப்பை, அதாவது மூலப் பதிவை, வாங்கக் கையில் காசில்லை. திரும்பிப் போனபோது அதை அழித்திருந்தார்கள். மிஞ்சிய பிரதியை நீல் கே என்ற டிஜே தன் ராக் டிஸ்கோவில் போட, ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதில் மூன்று பாட்டு 1979 நவம்பரில் 5,000 பிரதிகளாக வெளிவந்தது. அடுத்த மாதமே இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். அந்த டேப்பில் பாடியது யார்? புரூஸா?

எனக்கு மெய்டன் வந்தது பெரியப்பா மகன் பதிவு செய்து கொடுத்த 60 நிமிட கேசட்டில். 'ஏ' பக்கம் முதல் ஆல்பம். அரை மணி நேரத்தில் பக்கம் முடிந்துவிடும். அதனால் கடைசி இரண்டு பாட்டு கிடையாது. பேண்டின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டை, கேசட் தேய்ந்து சில வருடம் கழித்துத்தான் கேட்டேன். 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் புரூஸ் அதே பாட்டைப் பாடியபோது தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருவன். அது டயானோ காலத்துப் பாட்டுதான் சார். அதையும் ஸ்கிப் பண்ணச் சொல்லுங்களேன்.

"பாட்டெல்லாம் ஹாரிஸ் எழுதியது, டயானோ சும்மா பாடினார்" என்று ஒருவர் வருவார். 'ரன்னிங் ஃப்ரீ', 'ரிமெம்பர் டுமாரோ', 'கில்லர்ஸ்' மூன்றிலும் எழுதியவர்களில் ஒருவராக டயானோ பெயர் இருக்கிறது, பாருங்கள். 'ரிமெம்பர் டுமாரோ'வில் முணுமுணுப்பாக ஆரம்பித்துத் திடீரென்று அலறுவாரே, அதைக் கேட்டுவிட்டு "சரியான பாடகர் இல்லை" என்று எழுத எப்படிக் கை வருகிறது?

"கொகெய்ன் போட்டுக் கெட்டுப்போனார், அதனால்தான் 1981-இல் அனுப்பினார்கள்." ஆமாம். அவரே சொன்னதுதான். அனுப்பியது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? "அரசு உதவித்தொகை மோசடியில் ஜெயிலுக்குப் போனவர்." அதுவும் நடந்தது. அதற்கும் இரண்டாவது ஆல்பமான 'கில்லர்ஸ்'ஸுக்கும் என்னய்யா சம்பந்தம்?

"ரசனை அவரவர் விருப்பம்." பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். இல்லவே இல்லை என்று எழுதாதீர்கள்.

கடைசி வருடங்களில் அந்த மனிதர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் மேடையில் பாடினார். காலுக்குச் சிகிச்சை செய்ய ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். 2024 அக்டோபரில் 66 வயதில் போய்விட்டார். முதல் மூன்று ஆல்பத்துக்கும் டிரம்ஸ் அடித்த கிளைவ் பர் அதற்கு முன்பே, 2013-இல். உங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிற ஆல்பத்திலும் அவர்தான் டிரம்ஸ். அவர் பெயரையாவது போட்டீர்களா? அதுவும் இல்லை. மேடையேறிச் சிரிப்பவன் மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிவான். நாற்காலி இழுத்துப் போட்டவன், முதல் ஒயரை மாட்டியவன் எல்லாம் 'ஸ்கிப்'. எங்கள் காலேஜ் பேண்டிலும் இதுதான் நடந்தது. ஆரம்பித்த ஆளின் பெயர் ஆண்டு மலரில் கூட வரவில்லை. அந்த ஆள் யார் என்று கேட்காதீர்கள்.

மெய்டனே தன் ஐம்பதாம் ஆண்டு சுற்றுப்பயணத்தை 2025-இல் எதில் ஆரம்பித்தது தெரியுமா? முதல் மூன்று பாட்டும் 'கில்லர்ஸ்' ஆல்பத்திலிருந்து. ஹாரிஸுக்கு உங்கள் வழிகாட்டி கிடைக்கவில்லை போல, பாவம்.

பட்டியலைத் திருத்தினால் என்னை டேக் செய்யுங்கள். "குடிகாரனுக்கு வக்காலத்தா" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் முதலில் முதல் ஆல்பத்தின் 'ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு வரவும். ஏழு நிமிடம்தான்.