நாடா வெட்டின பிறகு

மட்டக்களப்பில் ஒரு ஓவியக் கண்காட்சிக்கு அழைப்பிதழ் வந்தால் அதை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று முக்கால் பக்கம் போய்விடும். படம் வரைந்தவர்களின் பெயர்கள் அடியில் ஒரு வரி. அதுவும் ‘மற்றும் பலர்’ என்று முடியும். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், எத்தனை நாள் இருக்கும் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘காலை 9.00 மணிக்கு அங்குரார்ப்பணம்’ என்பதோடு சரி.

கண்காட்சி என்ற பேரில் நாங்கள் நடத்துவது திறப்பு விழாதான் என்பது என்னுடைய அபிப்பிராயம். மாலை, பொன்னாடை, நினைவுச்சின்னம், ஒலிபெருக்கி, சிற்றுண்டி என்று கையில் இருக்கிற காசு அங்கேயே கரைந்துவிடும். மிச்சக் காசுக்கு ஆணியும் டேப்பும். இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும், வரட்டும். பொன்னாடையே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆறு பொன்னாடையை இரண்டாக்கி, அந்தக் காசைச் சுவரிலும் வெளிச்சத்திலும் போடுங்கள்.

ஆள் இல்லாத ஊரும் இல்லை இது. கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமாக நிற்கிறது. கட்புலக் கலை படித்த பிள்ளைகள் அங்கிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கிறார்கள். வரைகிற கைக்குப் பஞ்சமில்லை. வரைந்ததை மாட்டத் தெரிந்த கைக்குத்தான் பஞ்சம்.

முதலில் சுவர். பாடசாலை மண்டபம், கலாசார மண்டபம், நூலகத்தின் மேல்மாடி, இப்படித்தான் எங்களுக்கு இடம் கிடைக்கும். அநேகமான இடத்தில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். உடனே எல்லாரும் இருபக்க டேப்பை எடுப்பார்கள். பின்னேரம் ஒட்டினால் இரவு வரை நன்றாகத்தான் நிற்கும். ஆனால் அந்த டேப் பிடித்திருப்பது சுவரை இல்லை, சுவரில் பூசிய டிஸ்டெம்பரின் தூளை. இரவில் வாவிப் பக்கத்து ஈரம் ஏறும், படத்தின் பாரம் கீழே இழுக்கும், விடிய வந்து கதவைத் திறந்தால் பாதிப் படம் நிலத்தில் கிடக்கும். அதிதி வரப்போகிறார் என்ற பதற்றத்தில் இன்னும் நாலு துண்டு டேப்பைப் போடுவார்கள். பிறகு கழற்றும்போது தாளின் பின்பக்கமே உரிந்து வரும். நீலக் களிம்புப் பசையும் அப்படித்தான். சில நாளில் அதன் எண்ணெய் தாளில் ஊறி, நாலு மூலையிலும் மங்கல் வட்டம் போட்டுவிடும். பிறகு அதை எடுக்கவே ஏலாது.

ஆணி அடிக்காமல் மாட்ட நல்ல வழி மேலிருந்து தொங்கவிடுவது. யன்னல் கம்பிக்கோ கூரை வளைக்கோ இரண்டு அங்குல றீப்பைச் சட்டம் ஒன்றைக் கிடையாகக் கட்டி, அதிலிருந்து தங்கூசியை, அதாவது தூண்டிலுக்குப் போடுகிற நைலோன் நூலை, இறக்க வேண்டும். கடற்கரை ஊரில் தங்கூசிக்கா பஞ்சம்? ஆனால் இரண்டு விசயம் கவனம். ஒன்று, நைலோன் பாரத்தில் மெல்ல மெல்ல நீளும், ஈரத்தில் இன்னும் கொஞ்சம் நீளும். இன்று மட்டம் பார்த்துக் கட்டின படம் நாளைக்குக் காலையில் அரை அங்குலம் இறங்கி நிற்கும். அதனால் முதல் நாளே தொங்கவிட்டு, அடுத்த நாள் மட்டம் பார்த்து இறுக்குங்கள். மற்றது முடிச்சு. தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு தானாகக் கழன்றுவிடும். வளையத்தால் விட்டு, தன்னைச் சுற்றியே ஐந்து சுற்றுச் சுற்றி, முதல் கண்ணுக்குள்ளால் திருப்பி எடுத்து, எச்சில் தொட்டு இறுக்குகிற தூண்டில் முடிச்சுத்தான் நிற்கும். தெரியாவிட்டால் கல்லடிக் கடற்கரையில் யாரையும் கேளுங்கள், கட்டிக் காட்டுவார்கள். படத்துக்கு ஒரு தங்கூசி போட்டால் மின்விசிறிக் காற்றில் பம்பரமாகச் சுற்றும். இரண்டு போட வேண்டும். மூன்று கிலோப் படம் என்றால், ஒவ்வொரு தங்கூசியும் தனியாகவே பதினைந்து கிலோவைத் தாங்கக்கூடியதாக இருக்கட்டும்.

சுவர் போதாமல் எட்டுக்கு நாலு பிளைவூட் பலகை நிறுத்துகிறவர்கள் பலகையை ஒற்றைக் கோடாக நிறுத்தாதீர்கள். மூன்று பலகையைப் பிணைச்சல் போட்டு இணைத்து, கோணல்மாணலாக மடித்து நிறுத்தினால் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுக்கும். காலுக்கு அரிசிப் பையில் பத்துக் கிலோ மணல். ஆடி மாதக் கச்சான் காற்று மேற்கு வாசலால் புகுந்தால் எட்டடிப் பலகை பாய்மரம் மாதிரித்தான். கண்ணாடிப் படங்களோடு சரிந்தால் அடியில் நிற்கிறது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

மாட்டுகிற உயரத்தில் எங்கள் ஆக்கள் விடுகிற பிழை ஒன்றுதான்: எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுவது. சாமி படம் மாட்டிப் பழகின கை. படத்தின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 57 அங்குலத்தில், அதாவது 145 சென்ரிமீற்றரில் வர வேண்டும். நிற்கிற ஆளின் கண்மட்டம் கிட்டத்தட்ட அதுதான். ஆணி அடிக்க விடுகிற இடம் என்றால் ஆணி எங்கே வரும் என்பதற்குச் சின்னக் கணக்கு இருக்கிறது. படம் 30 அங்குல உயரம் என்று வைப்போம், அரைவாசி 15. பின்னால் உள்ள கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்தால், கம்பிக்கும் படத்தின் மேல் விளிம்புக்கும் இடையில் 4 அங்குலம் என்று வைப்போம். 57 கூட்டல் 15, கழித்தல் 4. ஆணி 68 அங்குலத்தில். எந்த அளவுப் படத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் சின்னப் படமும் பெரிய படமும் ஒரே நடுக்கோட்டில் வந்து நிற்கும். மேல் விளிம்பைச் சமப்படுத்த மினக்கெடத் தேவையில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கான கண்காட்சி என்றால் நடுக்கோட்டை 50 அங்குலத்துக்கு இறக்குங்கள். அதிதிமார் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். காசைப் போடச் சொல்வது இங்கேதான். மண்டபத்து ரியூப் லைட்டைப் போட்டுவிட்டு வெளிச்சம் காணும் என்று நினைக்கிறோம். கண்ணாடி போட்ட படத்தின் முன்னால் போய் நின்றால் தெரிவது ரியூப் லைட்டும் பார்க்கிறவரின் முகமும்தான். கடையில் ‘டே லைட்’ என்று தருகிற, நீலம் கூடின 6500 கெல்வின் குமிழைப் போட்டால் சிவப்பும் மண்ணிறமும் செத்துப்போகும், வரைந்த முகமெல்லாம் காய்ச்சல்காரன் மாதிரி இருக்கும். 3000க்கும் 4000க்கும் இடையில், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்கிற நிறக் காட்டல் சுட்டெண் 90க்கு மேல் உள்ள எல்.ஈ.டி. ஸ்பொட் கேளுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும். போடாத பெட்டியை வாங்க வேண்டாம். பத்து வாட் குமிழ் இருபது போட்டாலும் 200 வாட்தான், மண்டபத்தின் வயர் தாங்கும். பழைய 50 வாட் ஹலஜன் இருபது போட்டால் 1000 வாட். சூட்டில் ஒருவரும் உள்ளே நிற்கமாட்டார்கள்.

குமிழைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுவந்தால் பிரேமின் நிழல் படத்தில் நீளமாக விழும். மிகத் தள்ளிப் போட்டால் பார்க்கிறவரின் நிழல் விழும். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்வு நல்லது. பத்தடி உயரத்தில் குமிழ் என்றால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, அவ்வளவுதான். நீர்வர்ணம், தாளில் வரைந்தவை, துணி இவற்றுக்கு 50 லக்ஸ் (படத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) போதும். எண்ணெய் வர்ணத்துக்கு 200 வரை போகலாம். போனில் வெளிச்சம் அளக்கிற செயலி ஓரளவுக்குக் காட்டும். பெல்ட் முனை வர்ணப் பேனையால் பிள்ளைகள் வரைந்தது எல்லாவற்றையும் விட விரைவாக மங்கும். அதை யன்னல் ஓரத்தில் மாட்டுவதை நிறுத்துங்கள், அதுவும் காலை வெயில் நேரே அடிக்கிற கிழக்கு யன்னலில்.

வெளியே மட்டக்களப்பு வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் எரிக்கும்போது, உள்ளே 50 லக்ஸுக்கு வருகிற ஆளுக்கு முதல் சில நிமிடம் ஒன்றுமே தெரியாது. அதனால் வாசலோடு மங்கல் படத்தை வைக்காமல், அறிமுக எழுத்தையும் பெரிய, பளிச்சென்ற படம் ஒன்றையும் வையுங்கள். வாசிக்கிற நேரத்துக்குள் கண் பழகிவிடும்.

மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் வருடக் கடைசியில் செலவு காட்ட வேண்டும் என்பதற்காக நவம்பர், டிசம்பரில் மண்டபம் எடுக்கிறார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியை இன்னும் பேசுகிற ஊர் இது. மாரியில் காற்றின் ஈரம் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். தாளில் பூஞ்சணம் பிடிக்க அது போதும். கண்ணாடியைப் படத்தோடு ஒட்டிப் போட்டால் வர்ணம் கண்ணாடியில் பிடித்துவிடும். நடுவில் மவுண்ட் அட்டை இருந்தால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கும். பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பழைய ரப்பர் செருப்பில் வெட்டின துண்டை ஒட்டுங்கள், படத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போகும். கரிக்கோலிலோ பஸ்டலிலோ வரைந்ததற்குப் பேர்ஸ்பெக்ஸ் போடாதீர்கள். துடைத்த உடனே அதில் நிலைமின் ஏறி, தூளைப் படத்திலிருந்து உறிஞ்சி எடுக்கும். லமினேற் பண்ணுவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். கிரேயோன் மெழுகு சூட்டில் உருகிப் பரவும், பிறகு அந்தப் பிளாஸ்ரிக்கை உரிக்க வழியே இல்லை.

துணியும் கூத்து உடுப்பும் தனிக் கதை. மருதமுனைச் சேலையைச் சுவரில் விரித்து டிறோயிங் பின் குத்துகிறார்கள். கடற்காற்றில் மூன்றாம் நாளே பின் துருப்பிடித்துக் கறை இறங்கும். பி.வி.சி. குழாய் ஒன்றுக்கு நன்றாகத் தோய்த்துக் காயவைத்த வெள்ளைச் சீலை சுற்றி, அதன் மேல் சேலையைத் தொங்கவிட்டால் பாரம் முழு அகலத்துக்கும் பகிரும். கூத்தில் போடுகிற கரப்புடுப்பைத் தோளில் பிடித்து ஹங்கரில் மாட்டினால் தையல் பிரிந்துவிடும். அது இடுப்பில் நிற்கிற உடுப்பு, உள்ளே பிரம்புக் கூடு வைத்து இடுப்பில் தாங்க வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கலைக்கூடம் என்றால் கன்வஸ் ஓவியத்துக்கு நடுச்சுவரும், நெசவுக்கும் பன் புல்லில் பின்னுகிற பன்வேலைக்கும் வாசல் மேசையும் என்று ஒரு சாதி முறை இருக்கிறது. அது போக வேணும்.

பெயரட்டையில் நடக்கிற கூத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்து, அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால், ‘ஓவியம்’ என்ற சொல் எக்ஸ், ரி, பி, ஏ, கே, ஒரு அரைப்புள்ளி என்று வரும். விடிந்தால் திறப்பு விழா, அச்சடித்தது அச்சடித்ததுதான். யுனிகோட்டில் அடித்து, பி.டி.எப். ஆக்கிக் கொடுத்தால் இந்தத் தலையிடி இல்லை. எழுத்து 20 புள்ளிக்குக் குறைந்தால் தள்ளி நிற்கிறவருக்கு ண, ன இரண்டின் சுழியும் ஒன்றாகத் தெரியும். பெயர், தலைப்பு, ஊடகம், அளவு (உயரம் முதலில், பிறகு அகலம்), ஆண்டு, விலை. விற்கிறதில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வெட்கப்பட்டு விலை போடாமல் விட்டால், வாங்க வந்தவரும் வெட்கப்பட்டுக் கேட்காமல் போய்விடுவார். அம்பாறைப் பக்கம் கொண்டுபோகிறதென்றால் சிங்களத்திலும் ஒரு வரி போட வேண்டும், அதைச் சிங்களம் தெரிந்த ஆளிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்தி எடுங்கள்.

நேரம் இன்னொரு முட்டாள்தனம். காலை ஒன்பதிலிருந்து நாலு வரை திறந்து வைத்தால் யார் வருவது? உத்தியோகத்தர் கந்தோரில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், சனி ஞாயிறு ரியூசன். பிள்ளைகளை லைனில் கூட்டிக்கொண்டு வந்து பத்து நிமிடத்தில் சுற்றிக் காட்டி, ‘ஐந்நூறு பேர் பார்வையிட்டனர்’ என்று அறிக்கை எழுதத்தான் அந்த நேரம் உதவும். பின்னேரம் மூன்றரையிலிருந்து இரவு எட்டு வரை திறவுங்கள்.  போயா (பௌர்ணமி) விடுமுறையில் முழுநாளும் திறவுங்கள். ஒரு முறைக்கு இரண்டு பேர் இருந்தால் போதும், ஒருவர் வாசலில், ஒருவர் உள்ளே. உள்ளே நிற்கிறவருக்குப் படங்களைப் பற்றிக் கதைக்கத் தெரிய வேண்டும், கதிரையில் இருந்து போன் பார்க்கக் கூடாது. குறிப்புப் புத்தகத்தில் ‘உங்கள் கருத்து’ என்று போட்டால் நூறு ‘வாழ்த்துக்கள்’ கிடைக்கும். ‘எந்தப் படத்தின் முன்னால் கூட நேரம் நின்றீர்கள், ஏன்?’ என்று மேலே எழுதி வையுங்கள், வாசிக்க ஏதாவது கிடைக்கும்.

இவ்வளவு பாடுபட்டு மாட்டினதை மூன்று நாளில் கழற்றுவதுதான் எனக்கு விளங்காத விசயம். அதே படங்கள், அதே பெயரட்டை, அதே குமிழ்கள். ஒரு பட்டா லொறி பிடித்தால் 40 கிலோமீற்றரில் கல்முனை, இன்னும் கொஞ்சம் போனால் அக்கரைப்பற்று. ஏற்றும்போது படுக்கப் போடாமல் நிற்கவைத்து, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு, இடையில் காட்போட் அட்டை, கண்ணாடியில் மாஸ்கிங் டேப்பால் பெருக்கல் குறி. உடைந்தாலும் துண்டு படத்தைக் கிழிக்காது. மேலே படங்கு.

கடைசி நாளுக்கும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். திறப்புக்கு நாற்பது பேர் நின்றால் கழற்ற நாலு பேர்தான் மிஞ்சுவார்கள், அந்த நாலு பேரும் அன்றைக்குக் களைத்துப்போய் இருப்பார்கள். படத்தைக் கையேற்றபோது போனில் எடுத்த முன்பக்கம், பின்பக்கம், மூலைகளின் படங்களை வைத்து ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்து, வரைந்தவரிடம் கையொப்பம் வாங்கித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீறல் இருந்தால் அந்த இடத்திலேயே எழுதுங்கள். விற்ற படத்துக்குக் காசு எப்போது, கூடத்துக்கு எத்தனை வீதம் என்பது மாட்டுவதற்கு முன்னமே தாளில் இருந்திருக்க வேண்டும். பிறகு சுவரில் இருக்கிற ஓட்டைகளுக்குப் புட்டி வைத்து, காய்ந்ததும் அரத்தாள் போட்டுத் தேய்த்து, மண்டபத்தின் அதே நிறத்தில் ஒரு பூச்சு. கால் லீற்றர் டின் காணும். சாவியைக் கொடுக்கும்போது பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரைக் காட்டிவிட்டு வாருங்கள், அடுத்த முறையும் ஆணி அடிக்க விடுவார்.