பாதிச் சேலை

அக்கா மகளுக்குப் பள்ளியில் துணியில் ஒரு சித்திர வேலை கொடுத்திருந்தார்கள். தலைப்பு மலையகப் பாரம்பரியம், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரான எங்கள் பாரம்பரியம். பிள்ளை வரையத் தொடங்கியது, தேயிலைப் பெட்டிகளில் வருமே, அதே பெண்ணை: பளிச்சென்ற சேலை, முதுகில் கூடை, வாய் நிறையச் சிரிப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாயி ஒருநாளும் அப்படி மலைக்குப் போனதில்லை. இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணி, மழைக்குத் தலையில் கம்பளி, அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம்.

றங்குப் பெட்டியில் கிடந்த அப்பாயியின் அரக்குக் கண்டாங்கியை எடுத்துக் கொடுத்தேன். முழுச் சேலை இல்லை, பாதிதான். இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் அப்பாயியின் தங்கச்சி குடும்பமும் விழுந்தது. எழுபதுகளில் கோச்சி, அதுதான் ரயில், ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, செத்துப்போன தாயின் சேலையைக் குறுக்கே கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்களாம்.

1948இல் குடியுரிமையைப் பறித்த பிறகு எங்கள் வீட்டாரின் பெயர் இருந்த காகிதம் தோட்டத்து செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேடு ஒன்றுதான். அதிலும் பேர் விழுந்த நாளும் பிடித்த காசும்தான் இருக்கும். அக்கா தங்கச்சி பிரிந்ததை எந்தக் கணக்கப்பிள்ளை எழுதுவார்?

2023இல், எங்கள் சனம் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்த 200 வருட நினைவென்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனம் நடந்தது. அதையொட்டித் தேயிலைச் சாயம் ஏற்றிய துணிகளும் நிறையப் பார்த்தேன். சில நன்றாகவே இருந்தன. ஆனால் கடையில் வாங்கிய புதுத் துணியைச் சாயத்தில் முக்கிப் பழசாக்குவதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. உடுத்திக் கிழிந்த துணி வீட்டிலேயே கிடக்கிறதே!

பிள்ளையும் சாயம் காய்ச்சினாள், சொல்லத்தான் வேண்டும். தூளைக் கொதிக்க வைத்து, தேயிலைச் செடி வெட்டுகிற துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தியை உள்ளே போட்டாள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வெள்ளைத் துணி மழைமேகம் மாதிரி கறுத்தது. அதன்மேல் கண்டாங்கியை வைத்துத் தைத்தாள். கிழிந்த ஓரத்தை மடித்துத் தை என்றேன், மாட்டேன் என்றாள். அவள் செய்ததுதான் சரி. டீச்சர் அதற்கே மார்க் குறைத்தது வேறு கதை.

அப்புறம் ஒரு விஷயம். தங்கச்சி குடும்பம் நீலகிரிப் பக்கம் போனதாகத்தான் கேள்வி. கூடலூர், கோத்தகிரியில் யார் வீட்டிலாவது அரக்குக் கட்டம் போட்ட கண்டாங்கியின் பாதி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஒரு பக்கம் முந்தானை இருக்காது. அது எங்களிடம் இருக்கிறது.