திருப்பம் இல்லாவிட்டாலும் அது சிறுகதைதான்

"கடைசி வரியில் திருப்பம் இருந்தால்தான் சிறுகதை, ரஷ்ய எழுத்தாளர் செகாவ், பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான், அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி மூவரும் அப்படித்தான் எழுதினார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓ. ஹென்றிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மாப்பசானுக்குப் பாதிதான். 1884இல் வந்த நெக்லஸ் கதையில் திருப்பம் உண்டு, சரி. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'பூல் த சுயிஃப்' (1880) கதையோ, வண்டியில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பதோடு முடிகிறது.

செகாவை இந்த வரிசையில் சேர்த்ததுதான் பெரிய தவறு. 'நாய்க்காரச் சீமாட்டி' (1899) முடிகிற இடத்தில்தான் காதலர் இருவரின் சிக்கலே தொடங்குகிறது. இன்னொரு கதையில் மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரர் கேட்க ஆளில்லாமல் தன் குதிரையிடம் துக்கத்தைச் சொல்கிறார். அவ்வளவுதான் கதை! (எனக்கு அது போதும்.)

அப்புறம் ஜப்பானின் அகுதாகவா. 1922இல் வந்த அவருடைய 'தோப்புக்குள்ளே' கதையில் ஒரு மரணத்தைப் பற்றி ஏழு வாக்குமூலங்கள். கொள்ளைக்காரன், இறந்தவனின் மனைவி, ஆவியாக வந்து பேசும் இறந்தவன் மூவருமே 'என் கையால்தான் நடந்தது' என்கிறார்கள். யார் சொல்வது உண்மை என்று கதை கடைசிவரை சொல்வதேயில்லை.