கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் படிச்சிரும் என்று விட்டுவிடலாமா?

மட்டக்களப்பு டவுனில் பெரிய பாடசாலை ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால் பிள்ளை கரைசேர்ந்த மாதிரி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அது போய்க் கன காலம்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளைப் பொறுக்கி ஆறாம் வகுப்பில் சேர்க்கிறோம். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களில் இருந்து வந்து, சொந்தக்காரர் வீட்டில் நின்று படிக்கிற பிள்ளையும் அதில் இருக்கும். சேர்த்த பிறகு? பதினோராம் வகுப்பில் சாதாரண தரம் எழுதும் வரைக்கும், ஓடக்கூடிய பிள்ளைக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம். வகுப்புத் தாண்டிப் போகவும் வழியில்லை.

என் மருமகள் எட்டாம் வகுப்பு. கணக்குப் பயிற்சியை மளமளவென்று முடித்துவிடுவாள். ரீச்சர் கொப்பியில் சரி போட்டுவிட்டு, "சத்தம் போடாம இரு மகள், மற்றப் பிள்ளைகள் முடிக்கட்டும்" என்பார். சில நாள் மற்றவர்களின் கொப்பி திருத்துகிற வேலையும் கிடைக்கும். கொப்பியின் கடைசிப் பக்கங்கள் எல்லாம் பூவும் வீடும். அதற்கு நடுவில் பகா எண்களை வரிசையாக எழுதி, எங்கே இடைவெளி கூடுகிறது என்று சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். அதை ஒருவரும் பார்க்கவில்லை. நாற்பது பிள்ளைகளையும் பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு அந்த ரீச்சர் என்னதான் செய்வார், அதுவும் சரிதான்.

அப்புறம் ரியூசன். பிள்ளை அங்கே முன்கூட்டிப் படித்துவிட்டு வகுப்பில் கொட்டாவி விடுகிறது. பெறுபேறு வந்ததும் பனர் மட்டும் பாடசாலை மதிலில்! அதில் 'மாவட்ட முதலிடம்' பெரிய எழுத்தில், அகில இலங்கை நிலை இருந்தால் சின்ன எழுத்தில். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கின்றன. கோட்டா நமக்குத் தேவைதான், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் டவுன் பாடசாலைகளுமா அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது? அந்த 40 வீதத்துக்குள் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் காணவில்லை.

"எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளே இருக்குதுகள், முதலில் அதுகளைப் பார்ப்போம்" என்று ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான கதை. அதற்காக மற்றப் பிள்ளையைச் சும்மா உட்கார வைக்க வேண்டுமா? மேடைக்கு மேடை விபுலானந்த அடிகளைச் சொல்கிறோம். காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, அங்கேயே படிப்பித்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் 1920இல் லண்டன் பீ.எஸ்.சி. பட்டமும் எடுத்தவர். அந்த மாதிரி ஒரு பொடியன் இன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருந்தால் அவனும் கொப்பிதான் திருத்திக்கொண்டிருப்பான்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பயிற்சி முடித்த பிள்ளை நூலகத்துக்குப் போகலாம் என்று ஒரு அனுமதி. கிழமையில் ஒரு பின்னேரம் உயர்தர மாணவர் யாராவது இருந்து கணக்குப் புதிர் போட ஒரு அறை. ஒலிம்பியாட் போட்டி விண்ணப்பத்தை அறிவித்தல் பலகையில் முடிவுத் திகதிக்கு முன்னம் ஒட்டுவது. பழைய மாணவர் சங்கத்துக்காரர் வாசித்தால், பாடசாலை வாசலில் அடுத்த வளைவு கட்ட முன்னம் நூலகத்துக்கு ஒரு ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுக்க ஏலுமா என்று பாருங்கள். நானும் என் பங்குக்குத் தருகிறேன்.