கழற்றுவது வேறு, பிடுங்குவது வேறு

வட்டுகளை இயந்திரத்தோடு இணைக்கும் பழைய ஸ்டோரேஜ் கார்டு ஒன்றின் லினக்ஸ் டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்), இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டைக் கழற்றும் வசதியைச் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், ‘ஒரு ரிமூவ் ஃபங்க்‌ஷன் எழுதினால் போதும், இரண்டு நாள் வேலை’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படிச் சொன்னவன் நான்தான். அந்த இரண்டு நாள் இரண்டரை மாதமாக நீண்டது. டிரைவர் கையில் வைத்திருக்கும் ஒவ்வொன்றும் யாருடைய பொறுப்பு, எதுவரை உயிரோடு இருக்கும் என்பதை முதலிலிருந்து தீர்மானிக்காமல் அந்த ஒரு ஃபங்க்‌ஷனை எழுத முடியாது என்பதே இன்று என் கருத்து.

லினக்ஸ் 2.4 காலத்து ஸ்கஸி (வட்டுகளை இணைக்கும் ஒரு பழைய முறை) டிரைவர்களில் ‘டிடெக்ட்’, ‘ரிலீஸ்’ என்று இரண்டு ஃபங்க்‌ஷன்கள் இருக்கும். மாட்யூலை, அதாவது டிரைவரின் கோப்பை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏற்றும்போது டிடெக்ட் இயந்திரம் முழுவதையும் தேடி, கிடைத்த கார்டுகளை எல்லாம் ஒரே மூச்சில் பதிவு செய்துவிடும்; மாட்யூலை இறக்கும்வரை அவை அங்கேயே இருக்கும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பு, ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியே ‘புரோப்’ (கார்டு வந்ததும் ஓடுவது), தனித்தனியே ‘ரிமூவ்’ (கார்டு விலகும்போது ஓடுவது) என்ற முறைக்கு ஸ்கஸி டிரைவர்களையும் அழைத்தது. பழைய ரிலீஸை அப்படியே ரிமூவ் என்று பெயர் மாற்றிவிடலாம் என்று தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் பழைய முறையில், வட்டு ஒன்று மவுண்ட் ஆகி (பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டு) இருந்தால் மாட்யூலை இறக்கவே முடியாது என்பதால், யாரும் பயன்படுத்தாத நேரத்தில் மட்டுமே ரிலீஸ் ஓடும். ரிமூவுக்கு அந்தச் சலுகை கிடையாது. வட்டில் கோப்புகள் திறந்திருந்தாலும், நூறு கட்டளைகள் வரிசையில் நின்றாலும் அது அழைக்கப்படும். பிசிஐ (மதர்போர்டில் கார்டுகளைச் செருகும் இணைப்பு) டிரைவரில் அது எந்த மதிப்பையும் திருப்பித் தராத ஃபங்க்‌ஷன் என்பதால், ‘இப்போது முடியாது’ என்று சொல்லக்கூட வழியில்லை.

ஒழுங்காகக் கழற்றுவது இந்தக் கதையின் எளிய பாதி. அதிலும் வரிசை தவறினால் மாட்டிக்கொள்வோம். வட்டை விலக்கும்போது கெர்னல் அதன் கேச்சில் தங்கியிருப்பதை எழுதி முடிக்கும்படி கடைசியாக ஒரு கட்டளை அனுப்பும். அதற்கு முன்பே இன்டரப்டை (கார்டு சிபியுவை அழைக்கும் சமிக்ஞையை) விடுவித்துவிட்டால், அந்தக் கட்டளை முடிந்ததாகச் செய்தி வரவே வராது. ஆகவே ஹோஸ்டை (கெர்னலின் ஸ்கஸி பகுதியில் உள்ள கார்டின் பதிவை) முதலில் விலக்கி, பிறகு கார்டை நிறுத்தி, பிறகு இன்டரப்டை விட்டு, நினைவகத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் விட வேண்டும். என் முதல் பிரதியில் இந்த வரிசை கிட்டத்தட்டத் தலைகீழாக இருந்தது.

முன்னறிவிப்பின்றிப் பிடுங்கும்போது நடப்பது வேறு. பிசிஐ எக்ஸ்பிரஸில் இல்லாத கார்டின் ரெஜிஸ்டரை (கார்டின் நிலையைச் சொல்லும் சிறு நினைவிடத்தை) படித்தால் பெரும்பாலான இயந்திரங்களில் பிழை எதுவும் டிரைவருக்குத் தெரியாது. 32 பிட்டும் ஒன்றாகத் திரும்பி வரும், அவ்வளவுதான். எங்கள் டிரைவரில், ‘பிஸி’ பிட் பூஜ்யமாகும்வரை சுற்று என்று ஒரு பழைய வரி இருந்தது. கார்டு இருந்த விரிவாக்கப் பெட்டியின் கேபிளை இழுத்தேன். ஒரு சிபியு 22 நொடியாக நகரவில்லை என்ற செய்தி திரையில் மறுபடி மறுபடி ஓடத் தொடங்கியது. இல்லாத கார்டின் பிஸி பிட் என்றைக்குப் பூஜ்யமாகப் போகிறது?

அதைத் திருத்திய பிறகு கண்ணில் பட்டது இன்னும் மோசம். இன்டரப்ட் லைனைப் பக்கத்துக் கார்டோடு பகிர்ந்திருந்ததால், அதற்கு வந்த இன்டரப்ட் எங்கள் ஹேண்ட்லரையும் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் பகுதியையும்) எழுப்பியது. அது ஸ்டேட்டஸைப் படித்தது. எல்லா பிட்டும் ஒன்று. அந்த ரெஜிஸ்டரில் ஒரு பிட்டுக்கு ஒரு கட்டளை என்பதால், நிலுவையில் இருந்த கட்டளைகள் அனைத்தும் வெற்றிகரமாக முடிந்துவிட்டன என்று டிரைவர் மேலே அறிக்கை அனுப்பிவிட்டது. வட்டைச் சென்றடையாத தரவு எழுதப்பட்டதாகக் கணக்கில் ஏறியது. இயந்திரம் உறைந்து நின்றிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கார்டு போய்விட்டது என்று தெரிந்ததும், காத்திருக்கும் கட்டளைகளை ‘இணைப்பு இல்லை’ என்று உடனே திருப்பிவிட வேண்டும். தவறினால் ஒவ்வொரு கட்டளையும் வழக்கமான 30 நொடி காத்திருந்து, பிறகு ஸ்கஸியின் பிழை திருத்தும் பகுதி அந்தக் கட்டளையை ரத்து செய்யப் பார்த்து, வட்டை ரீசெட் செய்து, பஸ்ஸை ரீசெட் செய்து, கடைசியில் ஹோஸ்டையே ரீசெட் செய்ய முயலும். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஜன்னலையும் கொல்லைக் கதவையும் முறை வைத்துத் தட்டும் பொறுமை அதற்கு உண்டு. சாட்டா வட்டுகளுக்கான லிபாட்டா என்ற கெர்னல் பகுதியில், டெவலப்பர் தேஜுன் ஹியோ 2006இல், 2.6.18 பதிப்புக்காகப் பிழை திருத்தும் பகுதியைப் புதிதாக எழுதியபோது, ஹாட்பிளக்கையும் (ஓடும்போதே கழற்றி மாட்டுவதையும்) அதற்குள்ளேயே வைத்தார். வட்டு காணாமல் போவதும் ஒரு பிழைதான் என்று பார்த்த அந்தப் பார்வை மிகச் சரியானது. பழைய டிரைவரில் கை வைப்பவர்கள் அதை முதலில் படிக்கலாம்.

‘இருபது வருடக் கார்டை யார் பிடுங்கப் போகிறார்கள்?’ என்பது நியாயமான கேள்விபோல ஒலிக்கும். கார்டு மாறவில்லை, அது உட்காரும் இடம் மாறிவிட்டது. தண்டர்போல்ட் பெட்டிக்குள் வைத்த பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டை எவரும் ஒரு கேபிளோடு இழுத்துவிடலாம். எல்எஸ்ஐ 53சி895ஏ என்ற பழைய ஸ்கஸி சிப்பை கியூஇமு என்ற மென்பொருள் இன்றும் மெய்நிகர் இயந்திரங்களுக்குள் போலியாக உருவாக்கித் தருகிறது. அங்கே கழற்றுவது ஒரு வரிக் கட்டளை. மதர்போர்டிலேயே பற்றவைத்த சிப்பை மட்டுமே ஓட்டும் டிரைவர் என்றால், விட்டுவிடுவதே மேல் என்பேன். அப்போது சிஸ்எஃப்எஸ் (கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாக அன்பைண்ட் செய்யும் (டிரைவரைக் கார்டிலிருந்து பிரிக்கும்) வசதியை டிரைவரிலேயே அடைத்துவிடலாம். பிசிஐ அடுக்கின் வழியாகவே கார்டு நீக்கப்பட்டால் அது காப்பாற்றாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

சோதனை பற்றி ஒன்று. கெர்னலில் ஒவ்வொரு டிரைவரையும் புரோப் செய்து, ரிமூவ் செய்து, மறுபடி புரோப் செய்யும் ஒரு சோதனை அமைப்பு இருக்கிறது. எளிய தவறுகளை அது பிடித்துக் கொடுத்தது. ஆனால் அப்போது வட்டில் எந்த வேலையும் ஓடாது. எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டுவதை 200 சுற்று ஓடவிட்டேன். 143ஆவது சுற்றில் விழுந்தது. கார்டின் உடல்நிலையை நொடிக்கொரு முறை பார்க்கும் டைமரை ரிமூவில் நிறுத்தியிருந்தேன். ஆனால் நிறுத்திய பிறகு, வேறொரு ஒர்க் கியூ (பின்னணியில் ஓடும் வேலை வரிசை) அதை மறுபடி முடுக்கிவிட்டிருந்தது. இதே தொல்லைக்காகத்தான், நிறுத்திய டைமரை மறுபடி யாரும் முடுக்க முடியாதபடி மூடிவிடும் ஃபங்க்‌ஷன் ஒன்று 6.2 பதிப்பில் வந்தது. அந்த ஒரு வரியை மாற்றிய இரவு 200 சுற்றும் ஓடி முடிந்தன. மறுநாள் காலை அதை 2000 என்று மாற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.