கார்டு இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி எங்க வலிக்குதுன்னு கேளுங்கப்பா

போன வாரம் சுங்கை சிப்புட் பசார்ல நமக்குத் தெரிஞ்ச மெடிக்கல் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தம்பி ஒருத்தன் பிடிச்சிக்கிட்டான். நல்ல பையன் தான், குறை சொல்ல மாட்டேன். அக்கா, ஆஸ்பத்திரி பில்லுல ஒரு பங்க நாமளே கட்டுற கோ-பேமென்ட் வந்தா தான் ஜனங்க பொறுப்பா இருப்பாங்க, போட்டிய அது பாட்டுக்கு விட்டா விலை தானா இறங்கும்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தான், நான் கையில முட்டை அட்டையோட நின்னு கேட்டேன். அங்க பதில் சொல்ல வாய் வரல, அதான் இங்க எழுதுறேன், நீளமா போகும், பொறுத்துக்குங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிலேருந்து எங்களுக்கு லெட்டர் வந்தது 2024 கடைசியில. மாசம் 198 வெள்ளி பிரிமியம் கட்டிக்கிட்டிருந்தது 277 ஆகும்னு. வீட்டுக்காரர் லாரி ஓட்டிட்டு வந்து சோத்துல கை வைக்கப் போனவரு, கண்ணாடிய மாட்டி ரெண்டு தடவ படிச்சாரு, ஃபோன்ல தட்டிப் பாத்து நாப்பது பெர்சென்ட்டுன்னாரு, தட்ட மூடி வச்சிட்டாரு. அந்த டிசம்பர்லயே நம்ம மலேசியாவோட மத்திய வங்கி பேங்க் நெகாரா தலையிட்டு, ஏத்துறத கொறஞ்சது மூணு வருஷத்துக்குப் பிரிச்சு ஏத்துங்க, 80 பெர்சென்ட் பேருக்காவது வருஷ ஏத்தம் பத்து பெர்சென்ட்டுக்குள்ள நிக்கும்னு சொல்லிச்சு. சரி, சந்தோஷம். ஆனா ஒரே வெட்டா விழ வேண்டியது மூணு வெட்டா விழுது, அவ்ளோ தான்.

இப்ப கோ-பேமென்ட்டுக்கு வரேன். 2024 செப்டம்பர்லேருந்து கம்பெனிங்க இந்த மாதிரி பிளானும் கட்டாயம் வச்சிருக்கணும், பில்லுல கொறஞ்சது அஞ்சு பெர்சென்ட் நாம கட்டணும், இல்லாட்டி முதல் 500 வெள்ளி நம்மளது, எமர்ஜென்சிக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் இது கிடையாது. பிரிமியம் கொஞ்சம் கம்மி. இதுல ஒரு உண்மை இருக்கு, மறைக்க வேணாம், நம்மாளுங்க சாதா காய்ச்சலுக்கே "கார்டு இருக்குல்ல டாக்டர், வார்டுல போட்டுடுங்க"ன்னு ரெண்டு நாள் ஏர்கான்ல படுத்துட்டு வந்த கதை எல்லா தாமான்லயும் இருக்கு. என் சொந்தத்துலயே இருக்கு, பேர் சொன்னா தீபாவளிக்கு வீட்டுக்கு வர மாட்டாங்க.

ஆனா ஸ்கேன் எழுதுறது யாரு, நானா? ரெண்டு வருஷத்துக்கு முந்தி வீட்டுக்காரருக்கு பித்தப்பையில கல்லுன்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மனுஷன் வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டு உக்காந்திருக்காரு, கவுண்டர்ல முதல் கேள்வி, இன்சூரன்ஸா, சொந்தக் காசா? பில்ல நாங்க கட்டுறோம்னு கம்பெனி தர்ற கேரண்டி லெட்டர் வர்ற வரைக்கும் சாயந்திரம் ஆச்சு. அப்புறம் வந்த பில்லு ஏழு பக்கம், பஞ்சுக்கு ஒரு வரி, கையுறைக்கு ஒரு வரி, வீட்டு டிராயர்ல கெடக்குற பனடோலுக்கு ஒரு வரி. நம்ம நாட்டுச் சட்டத்துல தனியார் டாக்டர் ஃபீஸுக்கு உச்சவரம்பு இருக்கு, 1998 தனியார் ஆஸ்பத்திரி சட்டத்துக்குக் கீழ வந்த 2006 விதிமுறையோட 13வது அட்டவணைல. ஆனா அந்த பஞ்சு, கையுறை, ரூம், மருந்துக்கு வரம்பு இல்ல. பில்லு வீங்குறதே அங்க தான். அத விட்டுட்டு, நீ அஞ்சு பெர்சென்ட் கட்டு அப்ப தான் உனக்குப் புத்தி வரும்னா, வலியில இருக்கறவன் விலை பேசுவானா? மருந்து விலைய கிளினிக்ல எழுதிப் போடணும்னு 2025 மே மாசம் சட்டம் வந்துச்சு, டாக்டருங்க புத்ராஜெயாவுக்கே ஊர்வலம் போனாங்க. இருமலுக்கு அது சரி, படிச்சிட்டு அடுத்த கடைக்குப் போலாம். நெஞ்சு வலிக்கு?

இன்னொன்னு, இன்சூரன்ஸ் சீட்டுக் கட்டுற மாதிரி, எல்லாரும் போட்டா தான் ஓடும். விலை ஏற ஏற முதல்ல நழுவுறது இருபத்தஞ்சு வயசுப் பசங்க, அதுங்களுக்கு ஒடம்புல ஒன்னும் இல்ல. மிச்சம் நிக்கிறது இனிப்பு நீர், ரத்தக் கொதிப்புன்னு எங்கள மாதிரி ஆளுங்க, அப்ப பிரிமியம் இன்னும் ஏறும், இன்னும் நாலு பேரு நழுவுவான். இந்த வயசுல நாங்க விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போனா, இனிப்பு நீர் ஏற்கனவே இருக்குன்னு அதையே தள்ளிடுவான். போட்டியாம், எங்களுக்கு எதுல போட்டி?

அடுத்து சேமநிதி. இபிஎஃப் ரெண்டாவது கணக்குல இருந்து பிரிமியம் கட்ட விடலாமான்னு 2025ல ரெண்டாவது நிதி அமைச்சர் அமிர் ஹம்சா பேசினாரு. சந்தாவுல 15 பெர்சென்ட் தான் அந்தக் கணக்குக்கே போகுது. அதுல கைய வச்சா ஏஜென்ட்டுக்கு நல்லது, கம்பெனிக்கு நல்லது, அறுபது வயசுல எனக்கு? நோய்க்கு இவ்ளோன்னு முன்கூட்டியே ஒரே ரேட் கட்டுற முறையும் கொண்டு வரப் போறோம்னு அரசாங்கம் சொல்லுது, டிஆர்ஜின்னு பேரு. அத முதல்ல செய்ங்க, அப்புறம் எங்க அஞ்சு பெர்சென்ட்ட கேளுங்க.

எங்கம்மா பால்மரம் வெட்டின தோட்டத்துல டிரெஸர், அதான் மருந்து குடுக்குற உதவியாளர், ஒருத்தர் இருந்தாரு. தலைவலியோ வயித்துவலியோ அதே செவப்புத் தண்ணி மருந்து தான், அவர ஒன்னும் கோயில் கட்டிக் கும்பிட வேணாம். ஆனா லயத்து வாசல்ல வந்து நின்னு நாக்க நீட்டுன்னுவாரு. தோட்டம் துண்டாடி வித்தப்ப அவரும் போயிட்டாரு, நாங்க டவுனுக்கு வந்தோம். இப்ப நமக்கு மிச்சம் அரசாங்கத்தோட ஒரு வெள்ளி கிளினிக்கும், அஞ்சு வெள்ளி ஸ்பெஷலிஸ்ட்டும் தான். டாக்டர் ஜெயக்குமார் இங்க எம்பியா இருந்த பத்து வருஷமும் அரசாங்க ஆஸ்பத்திரிய பலவீனமாக்காதீங்கன்னு கத்தினாரு, நான் அப்ப அவருக்கு ஓட்டு போட்டதில்ல, இப்ப யோசிக்கிறேன்.

அந்தத் தம்பி நாளைக்கு பாரம் கொண்டு வரேன்னு மெசேஜ் போட்டிருக்கான், கோ-பேமென்ட் பிளானுக்கு மாத்த. மாசம் அறுபது வெள்ளி மிச்சமாம். வீட்டுக்காரர் போடுங்கறாரு. நான் அந்த ஏழு பக்க பில்ல தேடி எடுத்து வச்சிருக்கேன், அதுல அஞ்சு பெர்சென்ட் எவ்ளோன்னு அவனையே கணக்கு போட்டுக் காட்டச் சொல்லப் போறேன்.